பீரோ வேண்டாம், பிள்ளைகளா!



இது நீளமான பதிவு. மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனிலேயே தட்டினேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள். அந்த உரிமையை இன்று ஒருநாள் உங்களுக்குத் தருகிறேன்.

1996-ல் நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த செட், வாட்ஸ்அப் குழுவில் கூடி 42,000 ரூபாய் சேர்த்திருக்கிறீர்கள். நாம் படித்த பள்ளிக்கு ஒரு நூலகம் வைத்துத் தர வேண்டும் என்று ஆசைப்பட்டு, வாங்கப் போகிற சாமான் பட்டியலை எனக்கும் அனுப்பினீர்கள். “டீச்சர், நீங்க பார்த்து சரின்னு சொன்னா ஆர்டர் போட்டுடலாம்” என்றீர்கள்.

பட்டியலைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு பீரோ ஒன்று, பூட்டு சாவியுடன். உங்கள் செட் பெயர் பொறித்த கிரானைட் கல் ஒன்று. தலைவர்கள் வாழ்க்கை வரலாறு 50 புத்தகம். நீதிக் கதைகள் ஐந்து தொகுதி. பொது அறிவு வினா விடை. ஆங்கில இலக்கணம். அகராதி இரண்டு.

போனில் “நல்லா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. உழைத்துச் சம்பாதித்த காசைப் பிள்ளைகள் போட்டிருக்கிறார்கள், அதை எப்படிக் குறை சொல்வது என்று ஒரு பக்கம். சொல்லாமல் விட்டால் பழைய தப்பையே திரும்பவும் செய்தவளாவேன் என்று இன்னொரு பக்கம். அதனால் சொல்லிவிடுகிறேன். பீரோ வாங்காதீர்கள். கல் வேண்டாம். புத்தகப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு நான் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக உங்களிடம் சொல்லாதது.

நம் வகுப்பறையில் வடக்கு மூலையில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதன்மேல் நான் வருகைப் பதிவேட்டை வைத்திருப்பேன். மழை நாளில் நீங்கள் சிலேட்டுகளை அதன்மேல்தான் அடுக்குவீர்கள். உங்களில் ஒருத்தன் அதன்மேல் ஏறி நின்று ‘சுதந்திர தினக் கொடி’ ஏற்றி என்னிடம் அடி வாங்கினான்.

அந்தப் பெட்டி நிறையக் கதைப் புத்தகம் இருந்தது.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 1987-ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைச் சாமான்கள் என்பது அதன் கணக்கு. உலக உருண்டை, வரைபடம், அறிவியல் பெட்டி, டோலக் எல்லாம் அதில் வந்தன. சிறுவர் புத்தகங்களும் வந்தன. நம் பள்ளிக்கு அது வந்துசேர 1990 ஆகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, “இதைத் தொறக்காதம்மா. இருப்புப் பதிவேட்டுல 112 புத்தகம் இருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம சம்பளத்துல பிடிப்பாங்க” என்றார். நல்ல மனுஷர்தான். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

நானும் திறக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி வரும் முன்னால் திறந்து, எண்ணி, தூசி தட்டி, நாஃப்தலின் உருண்டை போட்டுப் பூட்டுவேன். பதிவேட்டில் “112, சரி” என்று கையெழுத்து. நீங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஐந்து முடித்துப் போகும்வரை, அந்த ஐந்து வருஷமும், புத்தகம் உங்களிடமிருந்து ஐந்தடி தூரத்தில் இருந்தது. ஒரு புத்தகம்கூட உங்கள் கைக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்த புத்தகமெல்லாம் பாடப் புத்தகம்தான்.

1998 ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, வகுப்பறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெட்டியை நகர்த்தும்போது அடித்தகடு துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. உள்ளே கரையான். அந்த வருஷம் நான் எண்ணாமலேயே “சரி” போட்டிருந்தேன். மேலே இருந்த நாற்பது சொச்சம் தவிர மற்றதெல்லாம் மண். ஒரு புத்தகத்தை எடுத்தேன், அட்டையில் யானை முழுசாக இருந்தது, உள்ளே ஒரு பக்கம்கூட இல்லை.

தகவல் எழுதிப் போட்டேன். விசாரணை வந்தது. கடைசியில் அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். எட்டு வருஷம் எதற்குப் பயந்தேனோ அதன் மொத்த விலை அவ்வளவுதான். அந்தப் பணத்தை 1990-லேயே கட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் உங்கள் செட்டே படித்திருக்கும். இதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நீங்கள் நூலகம் என்றதும் பீரோவை நினைத்தது உங்கள் குற்றமில்லை. புத்தகம் என்றால் பூட்டி வைக்கிற பொருள் என்று உங்களுக்குக் காட்டியவள் நான்தான்.

பூட்டு அது ஒன்றுதானா என்றால், இல்லை. என்னிடம் இன்னொரு பூட்டும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

உங்கள் செட்டிலேயே நடந்தது. இரண்டாம் வகுப்பில் காக்கா வடை கதை சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், எட்டணா வடையில எங்க ஆச்சிக்குப் பத்துப் பைசாதான் நிக்கும். ஒரு வடை போச்சுன்னா, அதைச் சரிக்கட்ட இன்னும் நாலு வடை விக்கணும். கதையில அந்தப் பாட்டி என்ன செஞ்சா?” என்று கேட்டான். அவனுடைய ஆச்சி பஸ் நிறுத்தத்தில் வடை சுட்டு விற்றவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதைக் கேக்கலை. நீதியைச் சொல்லு.” அவன் முகம் சுருங்கிப்போய், “ஏமாறக் கூடாது டீச்சர்” என்று சொல்லி உட்கார்ந்தான். நான் “வெரி குட்” போட்டேன்.

இவ்வளவு வருஷம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், பாட்டியைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஏழு வயசுப் பிள்ளை யோசித்தான். கதைக்குள் முழுசாகப் போனவன் அவன் ஒருத்தன்தான். அவனை நான் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டேன். அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். இந்தப் பதிவைப் படித்தால் தெரிந்துகொள்வான். தம்பி, நீ அன்றைக்குக் கேட்டதுதான் சரியான கேள்வி.

நீதிக் கதைத் தொகுதி ஐந்தையும் அடிக்கச் சொன்னது இதனால்தான். நீதி வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல கதையில் அது தானாக இருக்கும், ரசத்தில் உப்பு இருப்பதுபோல. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி “நீதி: பேராசை பெரு நஷ்டம்” என்று போட்டுவிட்டால், பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்த வரியை மனப்பாடம் செய்கிறார்கள். நானே கண்ணால் பார்த்தது.

சரி, 1998-க்கு அப்புறம் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன். மிஞ்சிய நாற்பது புத்தகத்தை வெயிலில் காயவைத்தோம். வகுப்பறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டினோம். என் உயரத்துக்கு இல்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு. துணி கிளிப்பில் புத்தகங்களைத் தொங்கவிட்டோம், அட்டைப் படம் வெளியே தெரிகிற மாதிரி. இது முக்கியம். அலமாரியில் அடுக்கினால் முதுகு மட்டும்தான் தெரியும், எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு முதுகைப் பார்த்து என்ன புரியும்?

கிழியத்தான் செய்தது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒட்டுகிற வேலையைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? வீட்டில் அடிப்பெட்டி மேல்பெட்டி ஒட்டி வளர்ந்த விரல்கள். தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் விடிகாலையில் ஏறிப்போன அக்காமாரைப் பார்த்து வளர்ந்தவர்கள். மைதா பசை காய்ச்சி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கிழிந்த புத்தகமெல்லாம் ஒட்டுவார்கள். பைண்டிங் கடையில் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி வராமல் இருக்க. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற இடம், அதனால் நான் சேர்க்கவிடவில்லை. தானே ஒட்டிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் இரண்டாவது தடவை கிழித்ததில்லை.

வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். ஒரு நோட்டில் தன் பெயரை எழுதிப் புத்தகத்தின் படத்தைக் கிறுக்கிவிட்டுப் போகலாம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போனாள். பதினாறு பக்கப் புத்தகம். ஐந்தாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, வேற புத்தகமே கிடைக்கலையா உனக்கு?” என்றேன். “எங்க அம்மா இன்னும் முடிக்கலை டீச்சர்” என்றாள்.

அவளுடைய அம்மா அறிவொளி இயக்கத்தில் ராத்திரி வகுப்புக்கு வந்து எழுத்துக் கற்றவள். அறிவொளி முடிந்த பிறகு வீட்டில் படிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கற்ற எழுத்து மறந்துகொண்டே வந்திருக்கிறது. மகள் கொண்டுபோன பதினாறு பக்கத்தை, பெட்டி ஒட்டி முடித்த பிறகு, ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கம் என்று படித்திருக்கிறாள். பீரோவுக்குள் இருக்கிற புத்தகம் அந்த வீட்டுக்குப் போயிருக்காது.

இனி, எந்தப் புத்தகம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பெரிய நிபுணி கிடையாது. பிள்ளைகள் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பதினெட்டு வருஷம் பார்த்ததில் தெரிந்துகொண்டது.

முதலாவது, வாங்குகிறவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே நின்று இரண்டு பக்கம் சத்தமாகப் படியுங்கள், வெட்கப்படாதீர்கள். உங்களுக்கே நாக்குப் புரளவில்லை என்றால் ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரளாது. ‘மகிழ்ச்சியுற்றனன்’, ‘அங்ஙனமே’ என்று ஓடுகிற புத்தகத்தைக் கீழே வையுங்கள். அழ. வள்ளியப்பா பாட்டுகளை எழுபது வயசுப் பாட்டிகள் இன்றைக்கும் மறக்காமல் பாடுவது ஏன்? அந்தச் சொற்கள் வாயில் தானாக உருளும். அவர் ராயவரத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்தவர், ஆனால் பிள்ளைகளின் காது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, படத்தைப் பாருங்கள். எழுத்தைவிட முதலில் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் படத்தைத்தான் படிக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு அடி விழுந்திருக்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு நானே ஆசையாக வாங்கிய ராஜா ராணிக் கதை. இளவரசி ரோஜாப்பூ நிறம், அரக்கி அட்டைக் கருப்பு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மறுநாளிலிருந்து பையன்கள் ஒரு பிள்ளையை அரக்கி, அரக்கி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். “பிள்ளைகளை நான் கண்டிக்கிறேன் தாயி” என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். “பிள்ளைகளைக் கண்டிச்சு என்ன டீச்சர், நீங்க குடுத்த புத்தகத்துலயே அப்படித்தான போட்டிருக்காம்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நானும் கருப்புத்தான். என் அம்மாவும் கருப்பு. நாற்பது வருஷமாக இப்படிப் படங்களையே பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கே அது தெரியாமல் போயிருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தகத்தையும் திருப்பிப் பார்ப்பேன். கெட்டவன் யார், எந்த நிறம்? அம்மா எல்லாப் பக்கத்திலும் அடுப்படியில்தானா? வேலைக்குப் போகிற பெண் ஒருத்தியாவது இருக்கிறாளா? ஓட்டு வீடு, குடிசை இருக்கிறதா, இல்லை எல்லாம் மாடி வீடும் காருமா? குண்டான பிள்ளையும் திக்கிப் பேசுகிற பிள்ளையும் கேலி செய்வதற்கு மட்டும்தான் வருகிறார்களா? நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை இதைப் பார்த்துவிட்டுத் தலைகுனியுமா என்று கேட்டுக்கொண்டாலே போதும்.

மூன்றாவது, நம் ஊர்க் கதையும் வேண்டும், நாம் பார்க்காத ஊர்க் கதையும் வேண்டும். கி. ராஜநாராயணன் எழுதிய ‘பிஞ்சுகள்’ கதையை ஐந்தாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். கரிசல் காடும் பறவைகளும் அதில் வரும்போது, “நம்ம பேச்சு மாதிரியே இருக்கு டீச்சர்” என்றார்கள். தன் வீட்டுப் பேச்சு புத்தகத்தில் அச்சாகியிருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு வருகிற நிமிர்வை நான் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகள், நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த ரஷ்யப் படக் கதைகளையும் அப்படித்தான் விரும்பினார்கள். பனியைக் கனவில்கூடப் பார்க்காத பிள்ளைகள் அந்தப் பனிக்காட்டு ஓநாய்க்குப் பயந்தார்கள்.

நான்காவது, கதை மட்டும் புத்தகம் இல்லை. சில பிள்ளைகளுக்குக் கதையே பிடிக்காது. எறும்பு, நிலா, சைக்கிள் எப்படி ஓடுகிறது, இதெல்லாம்தான் பிடிக்கும். அவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாதிரி இதழ்கள் உண்டு. நாலு ஐந்து படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையே ‘ஊஞ்சல்’ போடுகிறது. வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற எனப் படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்களும் அரசே கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பெயர்களைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் காலத்தில் இல்லாதது இப்போது இருக்கிறது. அது கயிற்றில் தொங்குகிறதா, பீரோவில் தூங்குகிறதா என்பதுதான் கேள்வி.

ஐந்தாவது, சில விஷயங்களை நாம் வாயால் சொல்லக் கூசுவோம், புத்தகம் சொல்லிக் கொடுக்கும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. தப்பான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி பேசுகிற நாவல். ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியர் முதலில் படித்துவிட்டு, கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டியது. கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற புத்தகம் இல்லை.

இனி உங்கள் சந்தேகங்களுக்கு வருகிறேன். குழுவில் வரப்போகிறவை எனக்குத் தெரியும்.

“டீச்சர், தலைவர்கள் வரலாறு வேண்டாம் என்கிறீர்களே?” நான் காமராசர் போட்ட மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்தவள். அந்தத் திட்டம் 1956-ல் நம் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கியது. அவர்மேல் எனக்கு இருக்கிற பக்தி உங்களுக்கு இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் “இன்ன வருஷம் பிறந்தார், இன்ன வருஷம் மறைந்தார்” என்று ஐம்பது புத்தகமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், எட்டு வயசுப் பிள்ளைக்கு ஐம்பது பேரும் ஒரே ஆள்தான். நன்றாகப் படம் போட்டு, அவர்கள் சின்ன வயசில் செய்த ஒன்றைக் கதையாகச் சொல்கிற புத்தகம் ஐந்து வாங்குங்கள், போதும்.

“இங்கிலீஷ் வேண்டாமா?” வேண்டும். இலக்கணப் புத்தகம் வேண்டாம். சென்னைத் துலிகா பதிப்பகம் போன்றவர்கள் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் படக் கதைகள் போடுகிறார்கள். தமிழில் கதை தெரிந்துவிட்டால் ஆங்கிலத்தைப் பிள்ளையே எட்டிப் பார்க்கும்.

“இப்போதுதான் போனில் எல்லாம் இருக்கிறதே?” இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு ரொம்ப உதவி. ஆனால் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். புத்தகம் வீட்டில் இருக்கும்.

“முதலில் எழுத்துக் கற்கட்டும், கதை அப்புறம்.” இதை ஆசிரியர்களே சொல்வார்கள், நானும் சொன்னவள்தான். கிஜுபாய் பதேகா என்ற குஜராத்தி ஆசிரியர் எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் வருகிற ஆசிரியர் நாலாம் வகுப்புக்குப் போய் நாள் கணக்காகக் கதை மட்டுமே சொல்வார். எப்போது பாடம் நடத்தப் போகிறாய் என்று கேட்பார்கள். கதை கேட்ட ருசியில் பிள்ளைகளே புத்தகத்தைத் தேடி வருவார்கள். நான் அதைப் படித்தபோது எனக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. முன்னமே படித்திருக்கலாம். ஆசிரியராக இருக்கிற என் பிள்ளைகள் இதையும் ‘டோட்டோ-சான்’ புத்தகத்தையும் அவசியம் படியுங்கள்.

“காணாமல் போகுமே டீச்சர்?” போகும். எங்கள் கணக்கில் வருஷத்துக்குப் பத்தில் ஒன்று போனது. போன புத்தகம் ஏதோ ஒரு வீட்டில்தான் இருக்கும். கரையான் தின்றதைவிட அது மேல் இல்லையா?

இப்போது வகுப்பறையில் என்ன செய்வது என்று ஆசிரியர்களாக இருப்பவர்கள் கேட்டால், நான் செய்ததைச் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம், தினமும், சத்தமாக வாசித்துக் காட்டுவேன். புத்தகத்தை என் பக்கம் வைத்துக்கொள்ளாமல் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்திருப்பேன். முடிந்ததும் கேள்வி கேட்க மாட்டேன். சும்மா இருப்பேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள், அப்புறம் ஒரு பிள்ளை ஏதாவது சொல்லும். அதிலிருந்து பேச்சு வளரும். “திரும்பப் படிங்க டீச்சர்” என்றால் திரும்பப் படிப்பேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன். சரியாக வாசிக்க வராத பெரிய பிள்ளைக்கு, சின்னப் பிள்ளையின் புத்தகத்தை எடுக்க அது ஒரு கௌரவமான சாக்கு. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைத்துவிடலாம். வாசிப்பைத் தண்டனையாகக் கொடுத்ததில்லை. மார்க் போட்டதில்லை.

கடைசியாக, உங்கள் 42,000 ரூபாய்க்கு என் கணக்கு. தப்பாக நினைக்காதீர்கள், டீச்சர் புத்தி.

பீரோவுக்குப் பதில், பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இரண்டு திறந்த மரத் தட்டு, கயிறு, கிளிப், உட்கார நான்கு பத்தமடைப் பாய். நம் ஊர் ஆசாரியிடமே சொல்லுங்கள், 8,000-க்குள் முடிந்துவிடும். புத்தகத்துக்கு இப்போது 14,000 மட்டும். சராசரி 70 ரூபாய் என்றால் 200 புத்தகம் வரும். பள்ளியில் இன்று 19 பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், 200 தாராளம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். எது அழுக்காகி, முனை மடங்கி, ஒட்டுப் போட்டிருக்கிறதோ அது நல்ல புத்தகம். எது புதுசாகவே இருக்கிறதோ அது பிள்ளைகளுக்கு ஆகாதது. அதைத் தெரிந்துகொண்டு, மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு அந்த 19 பிள்ளைகளையும் ஒரு வேனில் கூட்டிப் போய், ஆளுக்கு 500 ரூபாய்க்கு அவர்களையே பொறுக்கச் சொல்லுங்கள். அது 9,500. வேன் செலவும் சாப்பாடும் 5,000 வையுங்கள். மீதி 5,500 வருஷா வருஷம் காணாமல் போவதற்கு.

கிரானைட் கல் வேண்டாம் என்றதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். ஊருக்கு வரும்போது, கோயில் கொடையோ பொங்கலோ எதற்கு வந்தாலும், வேலை நாளாகப் பார்த்துப் பள்ளிக்கு அரை மணி நேரம் போங்கள். இப்போது இருக்கிற டீச்சர் நல்ல பிள்ளை, நான் பேசிவிட்டேன், சந்தோஷமாகச் சம்மதித்தாள். பாயில் உட்கார்ந்து ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். கொத்தனாராக இருப்பவன், நர்ஸாக இருப்பவள், துபாயில் இருந்து லீவில் வருகிறவன், எல்லோரும். “எனக்குச் சரியா வாசிக்க வராதே டீச்சர்” என்பவர்கள்தான் முதலில் போக வேண்டும். சின்ன வயசில் நான் கொடுக்காத புத்தகத்தை நீங்களும் இப்போது படித்த மாதிரி ஆகும்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மதினி, சித்தி, தம்பி பிள்ளைகளே, பிறந்தநாளுக்குப் பேரப் பிள்ளைகளுக்கு ரிமோட் கார் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. கூடவே ஒரு படக் கதைப் புத்தகமும் வையுங்கள். வைத்துவிட்டு, மடியில் உட்காரவைத்து நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

செட் பிள்ளைகளா, கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். பணம் உங்களுடையது, கடைசி முடிவும் உங்களுடையதே. பீரோதான் என்று முடிவானால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாவி வாங்காதீர்கள்.

புத்தகம் தேர்ந்தெடுக்கக் கூட வரச் சொன்னால் வருகிறேன். முழங்கால் வலிதான், கடையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தால் போதும், வாய்விட்டுப் படித்துப் பார்த்து எடுக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்.